சீப்பும் சாமி சேவலும்

ஒரு சொல் எங்கே பிறந்தது என்று தெரிந்துவைத்திருப்பவனால் அதை வெளியே சொல்லாமல் இருக்க முடியாது. பேதிக்குச் சாப்பிட்டவனால் பஸ்ஸில் நிம்மதியாக உட்கார முடியுமா? அப்படித்தான். அரைகுறையாகத் தெரிந்தவன் என்றால் அவஸ்தை இன்னும் கூடுதல். நான் அரைகுறை.

கோயம்புத்தூரில் பி.ஏ. ஆங்கிலம் படித்தபோது, கல்லூரி நூலகத்தில் தூக்க முடியாத அகராதி ஒன்று இருந்தது. மற்றவர்கள் அதன்மேல் டிபன் பாக்ஸ் வைப்பார்கள். நான் அதைப் படித்தேன். ஊர் திரும்பும்போது என்னிடம் ஒரு பட்டமும், யாரும் கேட்காத சொற்களின் ஜாதகமும் இருந்தன. (வேலை இல்லை.)

ஊர் என்றால், ஊட்டி மலையில் நடுவட்டம் தாண்டி ரோட்டிலிருந்து கீழே இறங்கும் ஒரு தேயிலைத் தோட்டம். அம்மாவும் அப்பாவும் சிறு வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள். நான் பட்டம் வாங்கிய நேரம் பார்த்துத் தேயிலை விலை படுத்துவிட்டது. ஃபேக்டரிச் சங்கு ஊதுவது நின்றது. கவ்வாத்து வெட்ட ஆளில்லாமல் இடுப்பளவுச் செடியெல்லாம் மரமாகிக்கொண்டிருந்தது. தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளில் வாரத்துக்கு ஒரு குடும்பம் பாத்திர பண்டத்தைக் கட்டிக்கொண்டு திருப்பூருக்குப் பஸ் ஏறியது. அம்மாவுக்குப் போக மனமில்லை.

"ஒருக்கா கடல் தாண்டி வந்தாச்சு. இன்னொருக்கா மூட்டை கட்ட என்னால ஏலாது தம்பி" என்பார்.

வீட்டில் ஒருவருக்காவது மலையிலேயே நிரந்தர வேலை அமைந்தால் இருந்துவிடலாம். இல்லாவிட்டால் மாதக் கடைசியில் நாங்களும் திருப்பூர். அந்த ஒருவர் நான்தான் என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால் எனக்கு உட்கார்ந்தால் கால் ஆடும், நின்றால் நடக்கத் தோன்றும். ரோட்டுக் கடைவரை போய், எந்த பஸ்ஸிலும் வராத யாரையோ எதிர்பார்த்துவிட்டுத் திரும்பி வருவேன். வந்ததும் மறுபடி கிளம்புவேன்.

அம்மா தோட்டத்து முனியாண்டிக்கு ஒரு சேவலை நேர்ந்துவிட்டார். "எங்க வீட்டுல ஒரு ஆளுக்கு இந்த மலையிலயே வேல போட்டுக் குடு சாமி" என்று வேண்டி அதன் காலில் மஞ்சள் துணியை முடிந்தார். சாமிக்கு விட்ட சேவலை விரட்டக் கூடாது, அடைக்கக் கூடாது, வெளியாள் கை வைக்கவே கூடாது. அடுப்புக்கு முன்னால் குளிர்காய்கிற என் இடத்தில் அது உட்கார ஆரம்பித்தது.

அந்தச் சமயத்தில்தான் ஊட்டியில் ஹாஸ்டல் வைத்து நடத்தும் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கில ஆசிரியர் வேலைக்கு இண்டர்வியூ வந்தது. ஒரு சொல்லைப் பிள்ளைகளுக்கு நடத்துவதுபோல் நடத்திக் காட்ட வேண்டும், பாடத்துக்கு வேண்டிய பொருள்களையும் கொண்டுவர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். வேறு யாராக இருந்தாலும் ஒரு ஆப்பிளோடு போய் வேலையோடு திரும்பியிருப்பார்கள். நான் 'கோம்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டேன். சீப்பு.

எவ்வளவு அழகான சொல் தெரியுமா? (மன்னிக்கவும், ஆரம்பித்துவிட்டது.) ஆதியில் அதன் வேருக்குப் 'பல்' என்று பொருளாம். நாமும் சீப்பின் பல் என்றுதானே சொல்கிறோம்? சமஸ்கிருதத்தில் பல்லைக் குறிக்கும் 'ஜம்ப' அதற்குத் தூரத்துப் பங்காளி. சேவலின் கொண்டை பல் பல்லாக இருப்பதால் அதையும் கோம் என்றான் இங்கிலீஷ்காரன். தேனடைக்கும் அதே பெயர். ஏன் என்று அகராதிக்கே உறுதியாகத் தெரியாது. தலை கலைந்து திரிகிறவனை 'அன்கெம்ப்ட்' என்கிறார்களே, அதற்கும் சீப்புப் படாதவன் என்றுதான் அர்த்தம்.

ஆகவே சீப்பு, தேனடை, சேவல் மூன்றும் வேண்டும். படம் வரைந்துகொண்டு போயிருக்கலாமே என்று இப்போது எல்லாரும் சொல்கிறார்கள். அப்போது யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் நான் யாரிடமும் கேட்கவில்லை.

தேனடை, மூடிக்கிடந்த ஃபேக்டரியின் ஜன்னல் மூலையில் இருந்தது. விடியற்காலைக் குளிரில் தேனீ அசையாது. தட்டிவிட்டு, அறுத்து, செய்தித்தாளில் சுற்றிக்கொண்டேன். சேவல்தான் சிக்கல். லயத்துச் சேவல்களில் பாதி குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போயிருந்தன, மீதி குழம்பாகியிருந்தன. மிச்சமிருந்தது சாமி சேவல் மட்டும். நான் வீட்டாள்தானே, சாயங்காலம் திருப்பிக் கொண்டுவந்துவிட்டால் சாமிக்கு என்ன குறைந்துவிடப்போகிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, அம்மா விறகுக்குப் போன நேரம் அதைக் கூடைக்குள் வைத்து மூடினேன்.

கட்டிலில் இருந்த அப்பா தலையைத் தூக்கினார். "அத எங்கடா தூக்கிட்டுப் போற?"

"இண்டர்வியூவுக்குப்பா."

"அதையுமா கூப்பிட்டிருக்காங்க?"

பஸ்ஸில் ஒவ்வொரு வளைவுக்கும் கூடை கூவியது. பைக்காரா தாண்டியதும் கண்டக்டர் குனிந்து, "ஏனுங்க, அது எங்க எறங்குதுங்க?" என்று கேட்டார். பஸ்ஸே சிரித்தது. நான் உதட்டுக்குள் பாடத்தை ஒப்பித்துக்கொண்டு வந்தேன்.

தலைமை ஆசிரியை சால்வை போர்த்திய, சாந்தமான அம்மா. காலடியில் ஹீட்டர் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. என் நடுக்கத்தைப் பார்த்து (அது குளிரால் இல்லை), "பக்கத்துல வந்து நின்னு பேசுங்க" என்றார். தேனடைப் பொட்டலத்தை ஹீட்டருக்கு முன்னால் இருந்த ஸ்டூலில் வைத்தேன். கூடையைக் கதவோரம் வைத்தேன். சீப்பை எடுத்தேன்.

பல்லில் தொடங்கினேன். பத்து நாள் பசித்தவன் இலையில் உட்கார்ந்ததுபோல் பேசினேன். அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். ஒரு கட்டத்தில் "இன்ட்ரஸ்டிங்" என்றார். அந்த ஒரு சொல்லில் நான் மனதுக்குள் வேலையில் சேர்ந்து, அம்மாவுக்குக் கம்பளி வாங்கி, லயத்துக் கூரையையும் மாற்றிவிட்டேன். பிறகு பொட்டலத்தைப் பிரித்தேன்.

"சார், இது அசையுதே?" என்றார்.

"காலி மேடம். தேனீ ஒண்ணுகூட இல்ல" என்றேன்.

குளிரில் தேனீ அசையாது என்பது எங்கள் ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். சூடு பட்டால் அசையும் என்பதும் தெரியும். பி.ஏ. படித்தவனுக்கு மட்டும் மறந்துபோயிற்று. அடையின் மடிப்புகளுக்குள் விறைத்துக் கிடந்தவை ஒவ்வொன்றாக எழுந்து சோம்பல் முறித்தன. முதலாவது என் காதில் கொட்டியது. நான் துள்ளிய துள்ளலில் கூடை உருண்டது. சேவல் வெளியே வந்து மேஜை மேல் ஏறி, பைல்களை மிதித்து, பரிசுக் கோப்பைகள் வைத்திருந்த அலமாரி உச்சிக்குப் பறந்து, அங்கே நின்று கூவியது.

"வாட்ச்மேன்! இதைப் பிடிங்க!" என்று கத்தினார் அந்த அம்மா, சால்வையைத் தலைமேல் இழுத்துக்கொண்டு.

வாட்ச்மேன் கம்போடு பாய்ந்து வந்தார். மஞ்சள் துணியைப் பார்த்தார். கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

"மேடம், இது சாமிக்கு விட்டதுங்க. நான் தொட மாட்டேனுங்க."

ஆயாவைக் கூப்பிட்டார்கள். அவர் வாசலிலேயே நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். சமையல்காரர் வந்தார், பார்த்த உடனே கையிலிருந்த கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். மூவரும் தோட்டத்தில் பிறந்தவர்கள். தேனீக்கள் சுற்றிக்கொண்டிருக்க, சேவல் மேலே நிற்க, அவர்கள் வரிசையாகப் பக்தியோடு நின்றார்கள்.

"அப்ப நீங்களாவது பிடிங்க!" என்று அந்த அம்மா என்னிடம் திரும்பினார். நான் நாற்காலி மேல் ஏறினேன். சேவல் என் தலையில் ஒரு கால் வைத்து, ஜன்னல் வழியாக வெளியே போயிற்று.

அலமாரிக் கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். காது வீங்கி, தலைமுடி நாலா பக்கமும் நிற்க, அதில் ஒரு இறகு. அப்போதாவது வாயை மூடிக்கொண்டிருக்கலாம். "மேடம், இதத்தான் அன்கெம்ப்ட்னு..." என்று ஆரம்பித்தேன்.

"நீங்க போகலாம்" என்றார்.

இருட்டும்வரை பள்ளிக்கூடத்தைச் சுற்றிச் சுற்றித் தேடினேன். கிடைக்கவில்லை. வெறுங்கூடையோடு வீட்டுக்குப் போனேன். அம்மா வேலையைப் பற்றிக் கேட்கவில்லை. "சேவல் எங்க?" என்றார். சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். கூடையை வாங்கி மூலையில் வைத்துவிட்டு, "அப்படி என்னத்தப் பத்திப் பாடம் நடத்துன?" என்றார்.

"சீப்புமா."

"சீப்புன்னா கடையில ஒரு சீப்பு வாழப்பழம் வாங்கிட்டுப் போறதுக்கென்ன? அந்தம்மாவும் ரெண்டு தின்னுருக்கும்."

அகராதியில் இதற்குப் பதில் இல்லை. அம்மா உள்ளே போய்ப் பரணிலிருந்து பழைய டிரங்குப் பெட்டியை இறக்கும் சத்தம் கேட்டது. என்னால் அந்த வீடு போகிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெளியே போய் நின்று அழுதேன்.

திருப்பூரில் அம்மா பனியன் மடித்தார். நான் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சேர்ந்து வெள்ளைக்காரர்களுக்குக் கடிதம் எழுதினேன். ரேஷன் கார்டு மாற்ற மலைக்குப் போன அப்பா, என்ன தோன்றியதோ, அந்தப் பள்ளிக்கூடத்தையும் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். சேவலைப் பிடிக்கவோ விரட்டவோ அங்கே ஒருத்தரும் முன்வரவில்லையாம். விடிகாலையில் அது கூவிய கூவலில் ஹாஸ்டல் பிள்ளைகள் மணிக்கு முன்பே எழுந்து நின்றார்களாம். தலைமை ஆசிரியையே சமையலறைக்குப் பின்னால் அதற்குத் தகரக் கூரை போட்டுக் கொடுத்துவிட்டாராம்.

அம்மா மடித்துக்கொண்டிருந்த துணியை வைத்துவிட்டு யோசித்தார். "வீட்டுல ஒரு ஆளுக்குன்னுதான் வேண்டிக்கிட்டேன். எந்த ஆளுன்னு நான் சொல்லாம விட்டுட்டேன்."

பிறகு எனக்குப் பெண் பார்க்கப் போனோம். காங்கேயம் பக்கம். பேச்சோடு பேச்சாக வருங்கால மாமனார், "ஏனுங்க, மலையில இன்னும் உங்க ஆளுக யாராச்சும் இருக்கறாங்களா?" என்று கேட்டார்.

"ஒருத்தர் இருக்காருங்க" என்றார் அப்பா, முகம் மாறாமல். "ஸ்கூல்ல வேல. தங்கறதுக்கு எடமும் குடுத்திருக்காங்க. காலையில பிள்ளைகள எழுப்பி விடணும்."

"அட, ஹாஸ்டல் வார்டனுங்களா!"

அம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார். நான் எழுந்து கை கழுவப் போனேன். வார்டன் இருக்கிற குடும்பம் என்று அவர்களுக்கு எங்கள்மேல் மதிப்புக் கூடிவிட்டது. கல்யாணத்தன்று மண்டப வாசலில் நின்ற மாமனார், வந்த ஒவ்வொரு பஸ்ஸையும் பார்த்துவிட்டு, "எங்கீங்க, வார்டனைக் காணம்?" என்று அப்பாவிடம் விசாரித்தார்.

அப்பா சந்தனத்தைத் தடவிக்கொண்டே சொன்னார், "லீவு கெடைக்கலீங்க."