பெரியவளுக்கு என்ன ஆச்சு?

மரக்கரண்டி இப்போது மனைவியின் கையில் இருந்தது. இன்னும் மூன்று பேரைத் தாண்டினால் அவன் கைக்கு வந்துவிடும்.

மத்தியானமே கதவைச் சாத்திய பேக்கரிக்குள் ஐந்து முக்காலிகள் வட்டமாகப் போடப்பட்டிருந்தன. நடுவில், பிரேதப் பரிசோதனைக்குக் காத்திருப்பதுபோல, ஒரு கண்ணாடி ஜாடி.

"கரண்டி யார் கையில இருக்கோ அவங்க மட்டும்தான் பேசணும்," என்றாள் மனைவி. அவளுடைய அலுவலகத்தில் யாருக்குள் சண்டை வந்தாலும் இப்படி வட்டமாக உட்கார வைப்பது அவள் வேலை. "யார் பண்ணினதுன்னு விசாரிக்கப் போறதில்ல. என்ன நடந்தது, யாருக்கு மனசு நொந்தது, சரிபண்ண என்ன செய்யணும். இந்த மூணு கேள்விதான். தண்டனை கிடையாது. இங்க பேசறது வெளிய போகாது."

"தண்டனை கிடையாதா? அப்ப எதுக்கு உட்கார்ந்திருக்கோம்?" என்றார் மாமியார்.

"அம்மா, கரண்டி உன் கையில இல்ல."

ஜாடியில் இருப்பது ரொட்டியை உப்ப வைக்கும் தாய்மாவு. தினமும் பாதியை எடுத்து ரொட்டியில் சேர்த்துவிட்டு, மீதிக்குப் புது மாவும் தண்ணீரும் ஊட்டி வளர்க்க வேண்டும். மகள் பிறப்பதற்கு மூன்று நாள் முன்னால் மாமியார் கலக்கி வைத்தது. அதனால் வீட்டில் அதற்குப் பெயர் பெரியவள், மகளான அவன் மனைவி சின்னவள். இருபத்தேழு வருஷமாகப் பெரியவளுக்கு ஊட்டாமல் மாமியார் காபி குடித்ததில்லை.

எட்டு மாதம் முன்பு, கல்யாணம் முடிந்த கையோடு அவன் பேக்கரி வேலைக்கு வந்தபோது மாமியார் சொன்னார்: "சின்னவளை உங்ககிட்ட கொடுத்துட்டேன். பெரியவளை மட்டும் தொடாதீங்க மாப்பிள்ளை."

தொட்டுவிட்டான்.

போன செவ்வாய்க்கிழமை நல்ல குளிர். பாவம், நடுங்குமே என்று ஜாடியைத் தூக்கி ஓவன் மேல் வைத்தான். அப்புறம் மறந்துவிட்டான். ஞாபகம் வந்து ஓடியபோது பெரியவள் வெந்து போயிருந்தாள்.

மாமியார் திரும்பி வர ஒரு மணி நேரம் இருந்தது. சுரண்டிக் குப்பையில் போட்டுவிட்டு, புது மாவில் பாக்கெட் ஈஸ்ட்டைக் கொட்டிக் கலக்கினான். அந்த நேரம் பார்த்து மாமனார் உள்ளே வந்தார். கிண்ணத்தை எட்டிப் பார்த்தார்.

"தண்ணி ஜாஸ்தி," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பன்னுக்குப் பிசைவதாக நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது என்று அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மறுநாள் காலையில் போலிப் பெரியவள் பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு அலமாரியெல்லாம் வழிந்து கிடந்தாள்.

"இவ என் பொண்ணே இல்ல. ஒரு நாள் இப்படி ஆட்டம் போட்டிருப்பாளா?" என்றார் மாமியார்.

முதல் நாள் அந்த அலமாரியைச் சோப்புப் போட்டுத் துடைத்தது பேக்கிங் அக்கா. பத்து வருஷமாக அங்கே ரொட்டிக்குக் காகிதம் சுற்றுகிறவள். சோப்புத் தண்ணீர் ஜாடிக்குள் போய்விட்டது என்று முடிவுகட்டி, எல்லோர் முன்னாலும் மாமியார் சொல்லிவிட்டார்: "திங்கள்லேர்ந்து வர வேண்டாம்." அக்கா அழுதிருந்தால்கூடத் தேவலை. அவள் ஏப்ரனைக் கழற்றி நாலாக மடித்து வைத்தாள்.

கரண்டி நகர்ந்தது.

"எனக்குத்தான் மனசு நொந்தது. அடுத்த ஆள்," என்றார் மாமியார்.

"அலமாரியைத் துடைச்சேன். ஜாடியைத் தொடல," என்றாள் பேக்கிங் அக்கா.

மாமனார் கரண்டியை வாங்கி, விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பேச இஷ்டமில்லன்னா தள்ளி விடலாம்பா."

தள்ளிவிட்டார். கரண்டி அவன் கைக்கு வந்தது.

"ஒருவேளை... குளிர்காத்து ஒத்துக்கலையோ என்னமோ," என்றான்.

"அன்னிக்கு ஜன்னலைத் திறந்து வெச்சது யாரு?" என்றார் மாமியார்.

எல்லோரும் பேக்கிங் அக்காவைப் பார்த்தார்கள். அவன் அவசரமாக அடுத்த ஒட்டைப் போட்டான்.

"யார் செஞ்சிருந்தாலும் மன்னிச்சு விட்டுடலாமே அத்தை."

"அப்ப நான்தான்னு முடிவே பண்ணிட்டீங்களா தம்பி?" அக்கா எழுந்து கைப்பையைத் தோளில் மாட்டினாள். "உங்க மன்னிப்பு எனக்கு வேண்டாம்."

கதவுக்கு நாலு அடி. மூன்று. இரண்டு.

"அக்கா, போகாதீங்க! ஜாடி அப்ப அலமாரியிலயே இல்ல!"

தாழ்ப்பாளில் வைத்த கை அப்படியே நின்றது.

"எங்க இருந்தது மாப்பிள்ளை?" என்றார் மாமியார். கரண்டி அவர் கையில் இல்லை என்பதை இந்தத் தடவை யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

ஓவன், குப்பைத் தொட்டி, ஈஸ்ட் பாக்கெட் எல்லாவற்றையும் சொல்லி முடித்தான். வட்டம் நடத்துகிறவளின் முகம் போய், மனைவியின் முகம் வந்தது.

"இத்தனை நாளா எங்கிட்டகூட சொல்லலையே நீங்க?"

"தண்டனை கிடையாதுன்னு சொன்னியே..."

"அது இந்த வட்டத்துக்குள்ள. வீடு வேற."

மாமியார் எழுந்து போய்ப் பேக்கிங் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "எல்லார் முன்னாடியும் உன்னைச் சொன்னேன். எல்லார் முன்னாடியும் கேக்கறேன், மன்னிச்சிடும்மா. திங்கள் நீ வரணும்."

அக்கா தலையசைத்தாள். அவனுக்கு மூச்சு வந்தது. அது பாதியிலேயே நின்றும் போனது.

"ஆனா எங்க வருவ?" மாமியார் முக்காலியில் சரிந்து உட்கார்ந்தார். "நம்ம ரொட்டியோட ருசி அவ ருசி. அவளே போனப்புறம் எந்த முகத்தோட ரொட்டி விக்கறது? நாளைக்கே கடையை மூடிடலாம்."

"அம்மா!"

"அத்தை, வேணும்னா நான் வேற வேலைக்குப் போயிடறேன்..."

"நீங்க போனா அவ வந்துடுவாளா மாப்பிள்ளை?"

பேக்கிங் அக்கா கைப்பையைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள். பேசாமலே இருந்திருக்கலாம் என்று அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஒருத்தியின் வேலையைக் காப்பாற்றப் போய் மொத்தக் கடையையும் கவிழ்த்தாயிற்று.

அப்போது, அன்று முதல் தடவையாக, மாமனார் கரண்டிக்காகக் கையை நீட்டினார்.

"இங்க பேசறது வெளிய போகாதுல்லம்மா?"

"போகாதுப்பா."

"தண்டனையும் கிடையாது?"

"கிடையாது."

அவர் முதலில் தன் முக்காலியை மாமியாரிடமிருந்து இரண்டு அடி தள்ளிப் போட்டுக்கொண்டார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"பெரியவ மூணு மாசக் குழந்தையா இருக்கும்போதே என் கை தவறிப் போய்ச் சேர்ந்துட்டா, மாப்பிள்ளை வேக வெச்சது பதினொண்ணாவது பெரியவ."