வலப்பக்கத்து எலிகளும் நான் வைத்த தோஃபுவும்

ஒசாகா,
அக்டோபர் 4

மதிப்பிற்குரிய தோமியே அக்காவுக்கு,

தம்பி கிசாபுரோ தலைவணங்கி எழுதுவது. காலைக் குளிர் தொடங்கிவிட்டது. உங்கள் இடுப்பு எப்படி இருக்கிறது? தொத்தோரியிலிருந்து நீங்கள் அனுப்பிய பேரிக்காய் ஒன்றுகூட நசுங்காமல் வந்தது. இங்கே நசுங்கியது நான்தான்.

உங்கள் மகள் மியோகோ சிபாரிசு செய்து, அவளுடைய மருந்துக் கம்பெனியின் எலிக்கூடத்தில் என்னைச் சேர்த்துவிட்டாள் அல்லவா? முப்பத்தெட்டு வருஷம் ரயிலில் கார்டாக இருந்தவன் நான். இப்போதும் ஒவ்வொரு கூண்டுக்கும் விரலை நீட்டி, "தண்ணி சரி, தீனி சரி, வால் சரி" என்று உரக்கச் சொல்லித்தான் நகர்வேன். அங்கே, பெண் ஹார்மோன் நின்று எலும்பு தேயட்டும் என்று சூலகம் எடுத்த பெண் எலிகள் நாற்பது. இடப்பக்கத்து இருபதுக்கு மியோகோவின் எலும்பு மருந்து கலந்த எண்ணெய், வலப்பக்கத்து இருபதுக்கு வெறும் எண்ணெய். வலப்பக்கத்துக்கு எலும்பு தேய்ந்து, இடப்பக்கத்துக்குத் தேயாமல் இருந்தால்தான் மருந்து ஜெயித்ததாக அர்த்தமாம். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை என்று எழுதத்தான் ஆசை. சொன்னார்கள், நான்தான் தலையை மட்டும் ஆட்டிவைத்தேன். ஜூனில், செத்துப்போன எலிகளுக்குக் கம்பெனியில் வருஷாந்திர அஞ்சலி நடந்தது. நினைவுக்கல்லுக்கு முன்னால் தோஃபு படைத்து, எல்லா உயிரும் ஒன்றே என்று பிக்கு பேசினார். வலப்பக்கத்துப் பாவங்களுக்கு மருந்துகூடக் கிடையாதே என்று அந்தத் தோஃபுவைப் பிய்த்து வைத்தேன். பிறகு தினமும் என் சாப்பாட்டு டப்பாவிலிருந்து வைத்தேன். பன்னிரண்டு வாரம் கழித்து அளந்து பார்த்தால் இரண்டு பக்கமும் எலும்பு கல்லு மாதிரி இருக்கிறது. மருந்தை மூட்டை கட்டச் சொல்லிவிட்டது மேலிடம். மியோகோவுக்குச் சோறு இறங்கவில்லை. ஆறுதலாக ஏதாவது சொல்வோமே என்று வாயைத் திறந்தேன் அக்கா.

"விடும்மா, வலப்பக்கத்துப் பிள்ளைங்களாவது தின்னு தேறிடுச்சுங்க."

"என்னத்தத் தின்னுச்சு?"

"தோஃபுதான். தினம் கொஞ்சூண்டு."

அவள் சாப்பிடும் குச்சிகளைக் கீழே வைத்தாள்.

"மாமா, செல்லோட உட்கருவுல ஒரு ஏற்பி இருக்கு. உங்க பாஷையில ஸ்டேஷன் மாஸ்டர்னு வெச்சுக்கோங்க. பெண் ஹார்மோன் வந்து பச்சைக்கொடி காட்டினாத்தான் எலும்பைக் காக்குற ரயிலை விடுவாரு. என் மருந்து அந்தக் கொடியத்தான் காட்டுது. தோஃபு செய்யுற சோயாகிட்டயும் அதே மாதிரி ஒரு கொடி இருக்கு."

"அப்போ வலப்பக்கமும் வண்டி கிளம்பிடுச்சா?"

"நேரம் தவறாம. என் ஒன்பது வருஷத்த எலிக்குப் போட்டுட்டீங்க மாமா."

உங்கள் இடுப்பு முறிந்த வருஷம் அவள் தொடங்கிய வேலை அது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மேலதிகாரி முன்னால் போய், நெற்றி மேஜையில் இடிக்கும்வரை குனிந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். மனமிரங்கி, புதிதாக நாற்பது எலிகளும் இன்னொரு பன்னிரண்டு வாரமும் கொடுத்தார்கள். இதுவே கடைசி வாய்ப்பு, இதிலும் வித்தியாசம் தெரியாவிட்டால் மருந்துக்கு முழுக்கு. மூன்று வாரம் ஆகிவிட்டது, மியோகோ இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. உன் மாமா திருந்திவிட்டார், இனி தப்பே நடக்காது என்று நீங்கள் போனில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

உங்கள் எலும்பும் அவளுடைய மருந்தும் நூறு வயது திடமாக இருக்கட்டும்.

பணிவுள்ள தம்பி,
கிசாபுரோ

பி.கு.: ஒரு பக்கத்துக்கு மட்டும் கொடுத்ததால்தானே போன தடவை இத்தனை வம்பும்? ஆகவே இந்த முறை நாற்பது எலிக்கும் சரிசமமாகத் தோஃபு வைக்கிறேன். ஒரு கூண்டும் விட்டுப்போகவில்லை, விரலை நீட்டிச் சரிபார்த்துவிட்டேன்.