இருநூற்றைம்பத்தைந்து எழுத்தில் ஒரு சம்பந்தம்

எங்கள் கடலூர்ப் பக்கத்தில் வந்த விஷயத்தை வந்தவுடன் சொல்கிற ஆளை நான் பார்த்ததில்லை. மழை, கரண்ட் கட்டு, பக்கத்து வீட்டு வாய்க்கால் தகராறு என்று ஒரு மணி நேரம் பேசிவிட்டு, செருப்பை மாட்டும்போதுதான் "அப்புறம், நான் எதுக்கு வந்தேன்னா..." என்று ஆரம்பிப்பார்கள். பிறந்ததிலிருந்து எனக்கு இது தெரியும். தெரிந்தும் 2007இல் ஒரு நாள் மறந்து தொலைத்தேன். (படித்த திமிர்தான், வேறென்ன.)

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடியில், யார் கேட்டாலும் புரோகிராம் எழுதித் தருகிற இரண்டு பேர் கம்பெனியில் நான் இரண்டாவது ஆள். கம்ப்யூட்டர் மாப்பிள்ளை என்றால் சென்னையில் இருக்க வேண்டும், கடலூரில் இருந்தால் ஏதோ குறை என்று பெண் வீட்டார் நினைத்தார்கள். ஏழு இடம் தட்டிப்போயிருந்தது. அம்மா என் ஜாதகத்தைத் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு திருமணத் தகவல் மையத்தில் பதிந்துவிட்டுக் காத்திருந்தார்.

அந்த மையத்தை நடத்திய செல்வராசு அண்ணன், தன் பழைய புரோகிராமிலிருந்து எல்லாவற்றையும் புதிய டேட்டாபேஸுக்கு மாற்றித் தரச் சொன்னார். பழையதில் பெயர், வயது, நட்சத்திரம் போக மீதி எல்லாம் 'விவரம்' என்ற ஒரே கட்டத்தில் இருந்தது. பக்கம் பக்கமாக அடித்தாலும் வாங்கிக்கொள்ளும் கட்டம் அது. புதியதில் அதற்கு என்ன வகை கொடுப்பது என்பது என் முடிவு. அளவே இல்லாத வகையும் உண்டு, இத்தனை எழுத்துதான் என்று அளவு சொல்லும் வகையும் உண்டு. அளவில்லாமல் கொடுப்பது சோம்பேறி வேலை என்று எங்கோ படித்திருந்தேன். முதல் பத்துப் பேருடைய விவரத்தைத் திறந்து பார்த்தால் பத்திலும் "நல்ல குடும்பம்" என்று மட்டும் இருந்தது. இருநூற்றைம்பத்தைந்து எழுத்து தாராளம் என்று தீர்ப்பளித்தேன். (அந்தப் பத்தும் அண்ணன் டைப்பிங் பழகுவதற்காக அடித்துப் பார்த்தவை. பிறகு தெரிந்தது. நாம் 'கொ' என்று அடித்தால் அன்றைய தமிழ் எழுத்துருவில் அது மூன்று எழுத்துக் கணக்கு என்பதும் பிறகுதான் உறைத்தது.)

மாற்றி முடித்ததும் திரையில் ஏகப்பட்ட எச்சரிக்கைகள் வந்தன. பிழை என்று வந்தால்தானே பயப்பட வேண்டும்? மூடிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

அடுத்த வாரமே எனக்கு வரன்கள் குவிந்தன. அம்மா திருவதிகைக் கோயிலில் விளக்குப் போட்ட பலன் என்றார். அதில் எல்லாப் பொருத்தமும் இருந்த இடம் சிதம்பரம். பெண் பெயர் வளர்மதி, அவள் அப்பா பத்திரம் எழுதுபவர். போட்டோவை நான் எத்தனை முறை பார்த்தேன் என்பது என் மேஜை டிராயருக்குத்தான் தெரியும். இந்த இடம் மட்டும் தட்டக்கூடாது என்று முதல் முறையாக நானும் வேண்டிக்கொண்டேன்.

அம்மா, மாமா, அத்தை, அக்கா, நான் என ஐந்து பேர் போனோம். இட்லியும் கொத்சும் வந்தன. மாமா சும்மா இருப்பாரா? அந்தத் திருமண மையத்துக்கே புது புரோகிராம் போட்டுக் கொடுத்தது எங்கள் பையன்தான் என்று அளந்துவிட்டார். பெண்ணின் அப்பா தலையாட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

"அது ஓய்வு நேரத்துல செய்யறதுங்களா? தம்பிக்கு எந்த டிபார்ட்மென்ட்?"

"கம்ப்யூட்டர் டிபார்ட்மென்ட்" என்றார் மாமா.

"கலெக்டர் ஆபீஸ்லயா?"

"இல்லீங்க. பஸ் ஸ்டாண்டுக்கு எதுர்ல, மாடில."

அவர் உள்ளே போய் இரண்டு தாள்களோடு வந்தார். ஒன்று மையம் அனுப்பிய என் விவரம். அதில் அம்மா எங்கள் குலப்பெருமை, குணப்பெருமை எல்லாம் எழுதி, என் வேலையைச் சொல்ல ஆரம்பித்த இடத்தில், இருநூற்றைம்பத்தைந்தாவது எழுத்தோடு அறுந்திருந்தது. இன்னொன்று அவர் கொடுத்த விவரத்தின் கார்பன் காப்பி. பத்திர பாணியில் ஊர், தெரு, பூர்வீகம் எல்லாம் சொல்லி, கடைசிப் பத்தியில்தான் விஷயத்துக்கு வந்திருந்தார்: 'அரசு உத்தியோகம் மட்டும். கம்ப்யூட்டர் வேலை கண்டிப்பாக வேண்டாம்.' எங்களுக்கு வந்த தாளில் அந்தப் பத்தியே இல்லை. மாவட்டத்தில் இருந்த அத்தனை நிபந்தனைகளையும் ஒரே மத்தியானத்தில் நான் வெட்டிப் போட்டிருந்தேன். எனக்கு வரன் குவிந்த ரகசியம் அதுதான்.

"யாரு தம்பி இதக் கொறச்சது?" என்றார். மாமா கொத்சில் தீவிரமாக இருந்தார்.

"நான்தாங்க. எடம் போதும்னு நெனச்சிட்டேன்" என்றேன். வேண்டுமென்றே செய்த மோசடி என்று நினைத்திருப்பாரோ என்று அவமானத்தில் காது சுட்டது.

அப்போது கதவோரம் நின்றிருந்த வளர்மதி கேட்டாள்: "பழசுல முழுசா இருக்குதா, அழிச்சிட்டீங்களா?"

"இருக்கு."

"அப்ப மறுபடி ஏத்திடலாம்ல" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். போட்டோவில் இந்தச் சிரிப்பு இல்லை.

அவள் அப்பா சிரிக்கவில்லை. எல்லாருடையதையும் முழுசாக ஏற்றிவிட்டுச் சொல்லுங்கள், நானே வந்து பார்க்கிறேன் என்று அனுப்பிவிட்டார். திரும்பும் பஸ்ஸில் மாமா தூங்குவது போல் நடித்துக்கொண்டே வந்தார்.

நான் அளவில்லாத வகைக்கு மாற்றி எல்லாவற்றையும் மறுபடி ஏற்றினேன். சொன்னபடியே அடுத்த ஞாயிறு அவர் மையத்துக்கு வந்தார். பத்திர ஆபீஸ் வழக்கப்படி ஒருவர் படிக்க இன்னொருவர் சரிபார்க்க வேண்டுமாம். பழைய திரையிலிருந்து அவர் படித்தார், புதியதில் நான் விரல் வைத்துக்கொண்டே போனேன். மூன்று ஞாயிறு அப்படிப் போனது. மூன்றாவது ஞாயிறு அவருடைய பதிவு வந்தது. கடைசிப் பத்தியில் நிறுத்தினார். சட்டைப் பையிலிருந்து அந்தக் கார்பன் காப்பியை எடுத்து, அதிலும் அந்தப் பத்தி முழுவதையும் பேனாவால் அடித்து, பத்திரத்தில் திருத்தினால் எழுதுவது போல ஓரத்தில் 'அடித்தல் ஒன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"இதயும் ஏத்திடுங்க, தம்பி" என்றார்.

அந்தத் தாள் இப்போது எங்கள் வீட்டு பீரோவில், கல்யாணப் பத்திரிகைக்கு அடியில் இருக்கிறது. இன்றைக்கும் நான் ஏதாவது பேச ஆரம்பித்துக் கொஞ்சம் நீண்டால் போதும், சமையலறையிலிருந்து வளர்மதி குரல் கொடுப்பாள்: "இருநூத்தி அம்பத்தஞ்சு ஆயிடுச்சி." மாமனார் உட்பட எல்லாரும் சிரிப்பார்கள். நானும் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிடுவேன். ஆனால் விளக்கை அணைக்கப் போகும்போது அவளே கேட்பாள்: "சரி, கடைசியா என்ன சொல்ல வந்தீங்க?"