கெர்னல் ஒடையுது

“...ரெண்டு பேருமே ஒரு வார்த்தை தப்பாப் பேசலண்ணே. நான் கெர்னலுன்னேன், இவளும் கெர்னலுன்னா. அம்புட்டுத்தான். மத்தியானத்துக்குள்ள என் மிஷினு படுத்துருச்சு” என்று மல்லிகா அக்கா சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் நான் அவருடைய ஆபீசுக்குள் நுழைந்தேன்.

கேட்டுக்கொண்டிருந்தவர் ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் பிளாண்ட் வைத்திருப்பவர். தன் பிளாண்டின் கன்ட்ரோல் பெட்டியை நம்பி என் கையில் கொடுக்கலாமா என்று விசாரிக்க ஆலங்குடி வரைக்கும் வந்திருந்தார். ஐஸ் நின்றால் படகு நிற்கும், அவர் பயம் அவருக்கு. பெண் பார்க்கிறவர்கள் பக்கத்து வீட்டில் விசாரிப்பார்களே, அந்த மாதிரி. நல்லதாக நாலு வார்த்தை சொல்லுவார் என்று நம்பித்தான் அக்காவின் பெயரைக் கொடுத்திருந்தேன். அக்கா எடுத்த எடுப்பிலேயே அந்தக் கதையை ஆரம்பித்துவிட்டார். (சிபாரிசு என்றால் என்னவென்று அக்காவுக்கு யாராவது சொல்லிக் கொடுத்தால் தேவலை.)

அவர் வாயால் கேட்பதைவிட நானே சொல்லிவிடுகிறேன். நம் மானத்தை நாமே வாங்கினால் கொஞ்சம் மிச்சமாவது இருக்கும்.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. படித்தது பி.காம். கம்ப்யூட்டர் விஷயமெல்லாம் செல்போனில் வீடியோ பார்த்து, அண்ணன் கழித்துப்போட்ட லேப்டாப்பில் தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டது. சாதாரணக் கம்ப்யூட்டர் அல்ல. மிஷின்களுக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் பலகை இருக்கும் பாருங்கள், அதை எழுப்புவது, படுக்க வைப்பது, மறுபடி எழுப்புவது. இதற்கு ‘எம்படட் சிஸ்டம்’ என்று பெயர். அந்தப் பெயரில் விசிட்டிங் கார்டு அடிக்கக் கொடுத்தேன். பிரஸ்காரர் ‘எம்ப்டி சிஸ்டம் ஸ்பெஷலிஸ்ட்’ என்று அடித்துக் கொடுத்தார். காலி என்றுதானே அர்த்தம் என்று சண்டைக்குப் போனேன். அவர் வாக்கு எவ்வளவு சீக்கிரம் பலிக்கப் போகிறது என்று அன்றைக்குத் தெரியவில்லை.

அந்தச் சின்னக் கம்ப்யூட்டருக்குள் ‘கெர்னல்’ என்று ஒன்று உண்டு. கட்டட வேலையில் மேஸ்திரி மாதிரி. நீ செங்கல் எடு, நீ கலவை போடு, நீ ஓரமாய் நில் என்று உள்ளே இருக்கிற அத்தனை பேரையும் ஏவுகிற ஆள். மேஸ்திரி படுத்தால் வேலை படுக்கும். எனக்கு உலகத்திலேயே பிடித்த ஆள் அந்த மேஸ்திரிதான்.

மல்லிகா அக்காவுக்கு ஆலங்குடிப் பக்கம் முந்திரி ஆலை. அங்கே கலர் சார்ட்டர் என்று ஒரு மிஷின். தோல் உரித்த பருப்பு சரிவில் வழுக்கி விழும்போது கேமரா பார்க்கும். கறுத்தது, புள்ளி விழுந்தது தெரிந்தால் காற்றை ஊதித் தனியே தள்ளிவிடும். அதன் திரை ஒருதரம் இருண்டு போனபோது கேபிளை மாற்றிக் கொடுத்திருந்தேன். போன இடத்தில் அந்தப் பலகையின் விவரத்தையெல்லாம் குறித்துக்கொண்டு போய், அதற்கென்று ஒரு கெர்னலை வீட்டில் சொந்தமாகவே கட்டியும் வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. பெண் தயார், மாப்பிள்ளைதான் வரவில்லை என்கிற நிலைமை.

அப்போதுதான் ஒருநாள் காலையில் அக்காவின் போன்.

“தங்கச்சி, நாலு நாளா கெர்னலு ஒடையுது. பெட்டியக் கொஞ்சம் வந்து பாரேன். நான் புதுக்கோட்டை போறேன், மத்தியானம் வாரேன். சாயங்காலம் அஞ்சு மணிக்கு லாரி.”

எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஒரு முந்திரி ஆலை முதலாளி கெர்னல் என்கிறார்! நம் ஊர் எங்கேயோ போய்விட்டது என்று பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பெருமைப்பட்டுக்கொண்டே போனேன்.

ஆலையில் சகாயமேரி அக்கா இருந்தார். பருப்புத் தரம் பிரிக்கிற பெண்களுக்குத் தலைவி. வாயைத் திறந்தால் பழமொழி, இல்லாவிட்டால் வசவு. மிஷின் ரூம் பூட்டைத் திறந்துவிட்டவரிடம் டாக்டர் மாதிரி விசாரித்தேன்.

“கெர்னல் எத்தனை நாளா ஒடையுது?”

“நாலு நாளா.”

“எப்பவுமா, எப்பவாச்சுமா?”

“மூட்டைக்குப் பாதி ஒடையுது.”

இரண்டு மூட்டை ஓட்டினால் ஒருமுறை விழுகிறது என்று நோட்டில் எழுதிக்கொண்டேன்.

“ஆனா மிஷினு நல்லாத்தானே ஓடுது?” என்றார் அவர் சந்தேகமாக.

“வெளிய பார்த்தா நல்லாத்தான் இருக்கும்க்கா. உள்ள கெர்னல் சரியில்ல.”

“அது வாஸ்தவந்தான். கெர்னலு சரியில்ல” என்று தலையாட்டிவிட்டுப் போனார். இத்தனை ஒற்றுமையாக இரண்டு பேர் பேசி நான் அதற்கப்புறம் கேட்டதில்லை.

லேப்டாப்பைச் சொருகி, மிஷின் தானே எழுதி வைக்கிற குறிப்பேட்டைப் படித்தேன். எந்த அடுப்படியிலும் தேடினால் ஒரு கரப்பான் கிடைக்கும். எந்தக் குறிப்பேட்டிலும் தேடினால் ஒரு பிழை கிடைக்கும். கிடைத்தது. போதாதா? பழைய கெர்னலை எடுத்துப் பத்திரமாக வைக்கட்டுமா என்று மனசு ஒருதரம் கேட்டது. புதுசு வருகிறபோது பழசு எதற்கு என்று அதன் மேலேயே என் கெர்னலை ஏற்றினேன். சும்மா கிடந்த சங்கு, ஊதுவதற்கு ஆண்டியாக நான்.

மிஷினை அணைத்து மறுபடி போட்டேன். திரை கறுப்பாகவே இருந்தது. லேப்டாப்பில் மட்டும் கடகடவென்று எழுத்து ஓடி, கடைசி வரியில் ‘கெர்னல் பேனிக்’ என்று நின்றது. கெர்னல் பதறுகிறதாம். அது மட்டுமா பதறியது?

அடுத்த மூன்று மணி நேரம் நான் பார்த்த வேலையை ஆடத் தெரியாமல் மேடை கோணல் என்றவள்கூடப் பார்த்திருக்கமாட்டாள். மெமரி கார்டு சரியில்லை என்றேன், கரன்ட் சரியில்லை என்றேன், வயர் சரியில்லை என்றேன். ஒரு கட்டத்தில் தூசி என்றேன். சகாயமேரி அக்கா வந்து எட்டிப் பார்த்தார். திரும்பிப் போய், உரிக்கிற இடத்திலிருந்த அத்தனை பெண்களையும் கூப்பிட்டுத் தட்டோடு உட்கார வைத்துப் பருப்பைக் கையாலேயே பிரிக்க ஆரம்பித்துவிட்டார். அன்றைய லோடு சென்னையில் ஒரு பெரிய பலகாரக் கடைக்கு. இடைத்தரகர் இல்லாமல் அக்கா நேரடியாகப் பிடித்த முதல் ஆர்டர். தவறினால் அந்தக் கடை பழைய ஆளிடமே திரும்பிப் போய்விடும் என்று அந்தப் பெண்கள் பேசிக்கொண்டது, சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு நன்றாகக் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் பேசினார்கள்.

இரண்டு மணிக்கு மல்லிகா அக்கா வந்தார்.

“கெர்னலு ஒடையுதுன்னேனே, பாத்தியா?”

“பாத்தேன்க்கா. கெர்னலையே மாத்திட்டேன்.”

“மாத்திட்டியா? எங்கேருந்து கொண்டாந்த?”

“எங்கேருந்தும் இல்லக்கா, நானே செஞ்சது.”

“நீயே செஞ்சியா? கெர்னலயா?”

“ஆமாக்கா. வீட்ல.”

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் வெளியே போய் இரண்டு கை நிறைய எதையோ அள்ளிக்கொண்டு வந்து என் லேப்டாப்பின் மேலேயே கொட்டினார். முந்திரிப் பருப்பு. ஒன்றுகூட முழுசாக இல்லை.

“இதாம்மா கெர்னலு. வெளியூரு ஏவாரிங்க எல்லாம் பருப்ப அப்படித்தான் சொல்லுவாங்க. ட்ரையர்ல வச்சு எடுத்தா ஒடையுது, அந்தச் சூடு காட்டுற பெட்டியப் பாருன்னேன். நீ எதப் பாத்த?”

நான் படுக்கப்போட்டிருந்த சார்ட்டரைப் பார்த்தேன். அக்காவும் அதைப் பார்த்தார். அவருக்குப் புரிந்தது. புரிந்தது எனக்கும் தெரிந்தது. அந்த ஒரு நிமிஷத்தை எழுதுகிற அளவுக்கு எனக்குத் தமிழ் வராது.

அப்போது சகாயமேரி அக்கா வாசலில் நின்றுகொண்டு சொன்னார்: “என்ன இஞ்சினியரம்மா, சாவியப் பெட்டிக்குள்ள வச்சுப் பெட்டியப் பூட்டினவ மாதிரி முழிக்கிறீங்க?”

திட்டத்தான் சொன்னார். ஆனால் எனக்கு மண்டைக்குள் மணி அடித்தது.

கெர்னல் கட்டும்போது, அதற்கு என்னென்ன வித்தை தெரிய வேண்டும் என்று ஒரு பெரிய பட்டியல் வரும். ஒவ்வொரு வித்தைக்கும் மூன்று பதில்: கூடவே இருக்கட்டும், வேண்டவே வேண்டாம், இல்லையென்றால் மிஷினின் மெமரி கார்டில் தனியாகக் கிடக்கட்டும், தேவைப்படும்போது கூப்பிடலாம். கெர்னல் ஒல்லியாக அழகாக இருக்க வேண்டுமென்று நான் எல்லாவற்றையும் தனியாகக் கிடக்கட்டும் என்று போட்டிருந்தேன். அதில் ஒன்று, மெமரி கார்டைத் திறந்து படிக்கிற வித்தை. கார்டைத் திறக்கிற வித்தையே கார்டுக்குள் கிடக்கிறது! மேஸ்திரி எழுந்துவிட்டார், வாசலுக்கு வந்துவிட்டார், சாவி வீட்டுக்குள். பதறாமல் என்ன செய்வார்?

“அக்கா, நீங்க சொன்னதுதான்க்கா” என்று சகாயமேரி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்து மெதுவாகக் கையை உருவிக்கொண்டார்.

அந்த ஒரு பதிலை மாற்றி, மறுபடி கெர்னலைக் கட்ட உட்கார்ந்தேன். அண்ணனின் லேப்டாப் அதற்கு ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டு, தோசைக்கல் மாதிரி கொதித்தது. அதுவரை சும்மா நிற்க வெட்கமாக இருந்ததால் ட்ரையரைப் போய்ப் பார்த்தேன். சூட்டை அளக்கிற கம்பி துளையிலிருந்து நழுவி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. ஆலங்குடிக் காற்றை அளந்துவிட்டு, ‘இன்னும் சூடு பத்தாது’ என்று பெட்டி நாலு நாளாக நெருப்பை ஏற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. பருப்பு அப்பளமாகிவிட்டது. கம்பியை உள்ளே செருகிக் கட்டுக்கம்பியால் இறுக்கினேன். ஐந்து நிமிஷம். நான் வரவேண்டியிருந்த வேலையே அவ்வளவுதான்.

நாலரைக்கு சார்ட்டர் கண் திறந்தது. பாதி லோடைப் பெண்கள் கையாலேயே முடித்திருந்தார்கள். மீதியை மிஷின் ஊதித் தள்ளியது. லாரி டிரைவர் இரண்டாவது டீயை முடித்து மூன்றாவது சொல்வதற்குள் கடைசி டின்னும் ஏறிவிட்டது. நான் பிள்ளையாருக்கு வேண்டியிருந்தேன். சகாயமேரி அக்கா மாதாவுக்கு வேண்டியிருந்தாராம். யார் காதில் விழுந்தது என்பதில் இன்னும் தீர்ப்பு ஆகவில்லை.

அதிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் முந்திரி என்று சொல்வதில்லை. “பாயசத்துக்குக் கெர்னல வறுத்தாச்சு. ஒடஞ்சிருந்தாச் சொல்லு, ஒண்ணு புதுசாச் செஞ்சு தருவா” என்பாள் அம்மா. சார்ட்டரின் மேல் மல்லிகா அக்கா கையால் எழுதி ஒட்டிய தாள் இன்றைக்கும் இருக்கிறது: ‘உள்ளே இருக்கும் கெர்னலைத் தொடாதே.’ மிஷின் ரூம் சாவியும் அன்றோடு அவர் இடுப்புக்குப் போனது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ ஆலைகளின் பெட்டிகளை எழுப்பிவிட்டேன். அக்காவின் ஆலைக்கு மட்டும் வருஷா வருஷம் போவேன், அவரே வந்து திறப்பார், நான் வேலையை முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பார். பழசை ஒன்றுக்கு இரண்டாக எடுத்து வைக்காமல் நான் புதுசைத் தொடுவதில்லை என்று அவருக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் நிற்பார்.

நான் உள்ளே நுழைந்தபோது சொல்லிக்கொண்டிருந்தது இந்தக் கதையைத்தான். ஒரு வரி விடாமல் முடித்தார். ஐஸ் பிளாண்ட் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்ததும் என்னைப் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார்.

“எல்லாம் சரி மல்லிகா. இப்ப இந்தப் புள்ளய நம்பி என் பெட்டியக் குடுக்கலாங்கிறியா, வேணாங்கிறியா?”

அக்கா இடுப்பிலிருந்து மிஷின் ரூம் சாவியை அவிழ்த்து மேஜை மேல் என் பக்கமாகத் தள்ளினார்.

“வருஷ வேலைக்குத்தானே வந்த? நீயே போயித் தொறந்து பாத்துக்க” என்று சொல்லிவிட்டு, திரும்பி உட்கார்ந்து அண்ணனுக்கு டீயை ஆற்ற ஆரம்பித்தார்.