பக்கிள் போடாத மிதவையார்

மனிதகுலம் இதுவரை தண்ணீரில் மூழ்கியதற்கெல்லாம் ஒரே காரணம், பிறந்த தேதிக்குப் பொருந்தாத நிறத்தில் லைஃப் ஜாக்கெட் போட்டதுதான். இந்த மகத்தான உண்மையைக் கண்டுபிடித்தவர் மிதவையார். கண்டுபிடித்த இடம், எங்கள் ஏரிப் படகுத்துறையில் டிக்கெட் ஜன்னலை ஒட்டிய ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

ஞாயிற்றுக்கிழமை காலை டிக்கெட் ஜன்னலில் நாலு பேர் நின்றார்கள். நாற்காலிக்கு முன்னால் நின்ற வரிசை கழிப்பறையைச் சுற்றிக்கொண்டு வண்டி நிறுத்துமிடம் வரை போனது. அவசரமாகக் கழிப்பறைக்கு வந்த ஒருவர் வரிசை புரியாமல் நின்று, கடைசியில் பச்சை ஜாக்கெட்டோடு வீட்டுக்குப் போனார். வந்த வேலை மறந்துவிட்டது.

"ஒன்பதாந்தேதியா? சிவப்பு. என்ன விளையாட்டு, என்ன அளவுன்னு எங்கிட்ட சொல்லாதீங்க. தண்ணிக்கு அதெல்லாம் தெரியாது. தேதி மட்டும்தான் தெரியும்."

ஆகவே துடுப்புப் படகு ஓட்டுகிற பெண்ணுக்கு, கப்பலில் போகிறவர்கள் போடும் காலர் வைத்த தடித்த ஜாக்கெட் கிடைத்தது. கை மடங்கவில்லை. படகு ஒரே இடத்தில் வட்டமடித்தது. "தண்ணி என்னைப் போகவே விடமாட்டேங்குது" என்று அவளுக்குப் புல்லரித்தது. தண்ணீர்ச் சறுக்கு ஆட வந்த மல்லனுக்கோ குழந்தை ஜாக்கெட். அதைக் கழுத்துப்பட்டை மாதிரி மாட்டிக்கொண்டு கம்பீரமாக நடந்தான்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி. பக்கிள் போடக் கூடாது.

"மாட்டைக் கட்டலாம், மூட்டையைக் கட்டலாம். மனுசனைக் கட்டலாமா? பக்கிளைப் போட்டுட்டா அதிர்ஷ்டம் எந்த வழியா உள்ள வரும்? பக்கிள் போடறவன் பயந்தாங்கொள்ளி!"

கைதட்டல். பிறகு அவரே படகில் போய் ஏரியில் இறங்குவார். துறையைத் தாண்டி, ஆழம் என்று பலகை வைத்திருக்கும் இடத்தில், ஜாக்கெட்டைத் திறந்துபோட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு, மார்பளவுத் தண்ணீரில் அசையாமல் நிற்பார். "மிதக்கிறார்! மிதக்கிறார்!" என்று கரை அதிரும். அன்றும் அதிர்ந்தது.

அதிர வைத்தவர்களில் முதல் குரல் என் அக்கா வீட்டுக்காரருடையது. மாமா வங்கியில் கையெழுத்து சரிபார்ப்பவர். ஒரு புள்ளி இடம் மாறினாலும் காசோலையைத் திருப்பி அனுப்பிவிடுவார். நீச்சல் தெரியாது. குளியலறையிலேயே வாளியைப் பிடித்துக்கொண்டு குளிப்பவர். அப்படிப்பட்டவர் அன்று தண்ணீர் ஸ்கூட்டரில் சீறிப்பாய டிக்கெட் வாங்கியிருந்தார். அவர் தேதிக்கு மஞ்சள். துடைப்பக்குச்சி உடம்பில் அது கூடாரம் மாதிரி தொங்கியது.

அக்கா கயாக் படகுப் பந்தயக்காரி. மாமாவைப் பார்த்ததும் துடுப்பைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, ஸ்கூட்டர்ல அந்த வேகத்துல விழுந்தா தண்ணி பளார்னு அறையும். உடம்போட ஒட்டின ஜாக்கெட் வேணும், பெல்ட்டெல்லாம் இறுக்கிப் போடணும். இது கப்பல்ல போறவங்களோடது. அதுவும் உங்களை மாதிரி ரெண்டு பேருக்கு."

"கப்பலுக்கே தாங்கும்னா ஸ்கூட்டருக்குத் தாங்காதா?"

அக்கா ஜாக்கெட்டின் இரண்டு தோள்களையும் பிடித்து மேலே தூக்கினாள். ஜாக்கெட் வந்தது. மாமா வரவில்லை. முகம் காணாமல் போய், உள்ளேயிருந்து குரல் மட்டும் கேட்டது:

"பாத்தியா, எவ்வளவு லேசா இருக்கு!"

"தண்ணியிலயும் இதே மாதிரிதான். இது மேல வரும், நீங்க வரமாட்டீங்க."

"உனக்கு நம்பிக்கை இல்லடி. அப்ப அவரு மிதக்கறாரே, அது எப்படி?"

அக்கா மெதுவாகத் தலையை ஆட்டினாள். அவள் அப்படி ஆட்டினால் எங்கள் வீட்டில் கண்ணாடிச் சாமான்களை எடுத்து உள்ளே வைப்போம். மோட்டார் படகுக்காரரிடம் போனாள். "அண்ணே, மிதவையார் பக்கத்துல ஒரு சுத்து சுத்திட்டு வாங்க."

சுற்றினார். அலை வந்தது. காலி பாட்டில் ஏறி இறங்கியது. ஒரு வாத்து ஏறி இறங்கியது. மிதவையார் மட்டும் விளக்குக் கம்பம் மாதிரி நின்றார். அலை அவர் மூக்குவரை ஏறி, ஒரு வாய் உள்ளேயும் போய், இறங்கியது.

"வாத்து ஏறுது, பாட்டில் ஏறுது. மிதக்கறவர் மட்டும் ஏன் ஏறல?"

"அலையே அவருக்கு அடங்குதும்மா!" என்றார் ஒரு பக்தர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"சரி. சாமி, இடது பக்கம் ஒரே ஒரு எட்டு வைங்க."

"இன்னிக்கு இடது பக்கம் ஆகாது" என்றார் மிதவையார், இருமிக்கொண்டே.

"வலது?"

"அதுவும்... அவ்வளவா சரியில்ல."

ஏமாற்றுகிறவனுக்கு எதிரியால் வரும் ஆபத்து கொஞ்சம்தான். பக்தர்களால் வருவதுதான் முழு ஆபத்து. "சாமி, அந்தப் பொண்ணு வாயை அடைங்க! ஒரு எட்டு! ஒரு எட்டு!" என்று கரை முழுக்கத் தாளம் போட்டார்கள். மாமா விசிலடித்தார். வேறு வழியில்லாமல் மிதவையார் ஓர் எட்டு வைத்தார்.

ஜாக்கெட் அருமையாக மிதந்தது. அதைக் குறை சொல்ல முடியாது. உள்ளே இருந்தவரைத்தான் காணோம்.

விரல்கள் மட்டும் தெரிந்த இடத்துக்கு அக்கா கயாக்கை விட்டு, துடுப்பை நீட்டினாள். குட்டிக் குரங்கு மாதிரி அதைக் கட்டிக்கொண்டு மேலே வந்தார் மிதவையார். அவரை ஆழப் பலகைக் கம்பத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அக்கா கரைக்குத் திரும்பினாள். அவர் நின்ற இடத்தில் மல்லன் முங்கிப் பார்த்தான். கழுத்துப்பட்டையைக் கழற்றி வைத்துவிட்டுத்தான். அடியில் ஓர் இரும்பு மேசை. டிக்கெட் அறையிலிருந்து காணாமல் போன அதே மேசை.

பக்தர் விடவில்லை. "ஒருவேளை மேசைக்கு ஏதாவது சக்தி..."

"இருக்கு" என்றாள் அக்கா. "நாலு காலும் தரையில இருக்கு. உங்களுக்கு ரெண்டே ரெண்டு கால், அதுவே தரையில இல்ல."

மாமா எங்கே என்று தேடினேன். ஜாக்கெட் வாடகை அறைக்குள்ளிருந்து, உடம்பைக் கவ்விப் பிடித்த ஒரு ஜாக்கெட்டில், நெல் மூட்டை மாதிரி கட்டப்பட்டு வெளியே வந்தார். நிறம் என்னவென்று அவர் பார்த்ததாகத் தெரியவில்லை.

"ரொம்ப இறுக்கமா இருக்கே, சரிதானா?"

"குறை சொல்றதுக்கு மூச்சு இருக்கில்ல? அப்ப சரிதான்." தோளைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். இந்த முறை மாமாவும் சேர்ந்து வந்தார்.

தண்ணீர் தலைக்கு மேலே போன பிறகு யோசிப்பவர்கள் உண்டு. தலை உலர்ந்திருக்கும்போதே யோசிக்க யாரும் கட்டணம் கேட்பதில்லை. அதனால்தானோ என்னவோ, அங்கே வரிசையே இல்லை.

மிதவையாரைக் கரைக்குக் கொண்டுவர மோட்டார் படகு போனது. படகுக்காரர் பழைய ஜாக்கெட் ஒன்றை அவர் மடியில் போட்டார். தேதி கேட்கவில்லை. மிதவையார் கரையை ஓரக்கண்ணால் பார்த்தார். எல்லோரும் கரைக்கு இழுத்து வந்த மேசையைத் தூக்குவதில் மும்முரமாக இருந்தார்கள். மெல்ல முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார். டிக். டிக். டிக். கடைசிப் பெல்ட்டையும் இழுத்து இறுக்கி, தன் தோளைத் தானே பிடித்து மேலே தூக்கிப் பார்த்துக்கொண்டார்.