சேவல் நின்ற இடம்

சென்ற தை மாதம், இரண்டாம் ஞாயிறு. இடம்: ஏற்காடு மலை, வாழவந்தி, எங்கள் வீட்டு வாசல். வானிலை: மூடுபனி; பின்னர் வெளிச்சம். நிகழ்ந்தவை: பதினொரு மாதக் குழந்தை ஒன்றைப் படமெடுக்க முயற்சி செய்யப்பட்டது. குழந்தை சிரிக்கவில்லை. படமெடுப்பவர் ஓர் ஒலி எழுப்பினார். கோழிகள் வந்தன. சேதம்: மல்லிகைச் சரம் ஒன்று, கம்பளிக் குல்லாவின் குஞ்சம் ஒன்று. பெறப்பட்டது: படம் ஒன்று.

வேதியியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். எதையும் முதலில் இவ்வாறு பதிவு செய்வது ஊறிப்போன பழக்கம். மேற்கண்ட பதிவில் பொய் ஏதும் இல்லை. படமெடுப்பவர் அப்போது எந்நிலையில் இருந்தார் என்பது மட்டும் விடுபட்டிருக்கிறது. (குப்புறக் கிடந்தார்.)

குழந்தைகளைப் படமெடுப்பதில் நான் வல்லவன் என்று நெடுங்காலம் நம்பியிருந்தேன். எங்கள் குடும்பத்தில் முதல் மொட்டைக்கு முந்தைய நாள், ஆண் குழந்தையே ஆனாலும், பாவாடை கட்டி, சவுரி வைத்துச் சடை பின்னி, பூச்சூட்டிப் படமெடுப்பது வழக்கம். மறுநாள் முடி இருக்காது. ஆகவே இரண்டாம் வாய்ப்பும் கிடையாது. அத்தகைய படங்கள் எங்கள் கூடத்துச் சுவரில் வரிசையாக இருக்கின்றன: என் மகன், மகள் மீனா, தம்பியின் பிள்ளைகள். எல்லாம் நான் எடுத்தவை. எல்லாக் குழந்தைகளும் சிரிக்கின்றன. ஒவ்வொன்றின் பின்புறத்திலும் என் பெயரைப் பட்டங்களோடு எழுதி வைத்திருக்கிறேன்.

வரிசையின் முடிவில் ஒரு வெற்று ஆணி இருந்தது. மீனா கருவுற்றிருந்தபோது என் மனைவி சரோஜா அடிக்கச் சொன்ன ஆணி. அதை அடித்தபோது குழந்தை வந்திருக்கவில்லை. குழந்தை வந்தபோது சரோஜா இல்லை. ஓராண்டுக்கு மேலாக அந்த ஆணிக்கு எதிரே அமர்ந்துதான் நான் காபி குடித்து வந்தேன்.

பேரன் இனியனின் மொட்டைக்காக மீனா பெங்களூரிலிருந்து வந்த அன்று மாலையே அவளுக்கு ஓர் உரை நிகழ்த்தினேன். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வர வேண்டும். குழந்தை உண்டு, உறங்கி எழுந்திருக்க வேண்டும். கேமரா குழந்தையின் கண்மட்டத்தில் இருக்க வேண்டும். நின்றபடி எடுக்கப்பட்ட குழந்தைப் படம் உச்சந்தலையின் படமே அன்றி முகத்தின் படம் ஆகாது. மலைப்பனியோ இயற்கையே கட்டிய மெல்லிய வெள்ளைத் திரை. அதனூடே வரும் ஒளி கன்னத்தில் நிழல் விழாமல் பரவும். மீனா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாஞ் சரிங்கப்பா, அவன் சிரிக்கோணுமில்லீங்க?" என்றாள். அது தானாக நிகழும் என்றேன்.

காலையில் பனி சற்று மெலிந்ததும் சரோஜாவின் மாம்பழ நிறப் பட்டுப்புடவையை மீனா வாசலில் விரித்தாள். நிறம் பொருத்தமானது என்றேன். திருஷ்டிப் பொட்டு எந்தக் கன்னத்தில் என்பது பற்றிச் சிறு பேச்சுவார்த்தை நடந்தது, மகள் வென்றாள். பாவாடையும் சடையும் மல்லிகையுமாக இனியன் அமர்ந்தான். வேட்டி, கம்பளிச் சட்டை, குஞ்சம் வைத்த குல்லா சகிதம், கண்மட்ட விதிக்குக் கட்டுப்பட்டு நான் தரையில் குப்புறப் படுத்தேன்.

இனியன் என்னை நோக்கினான். முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வில் ஒருவர் என்னை அப்படி நோக்கியது நினைவுக்கு வந்தது. சாவிக்கொத்தை ஆட்டினேன். டம்ளரைக் கரண்டியால் தட்டினேன். ஆட்டைப் போலக் கத்தினேன் (ஒரு காலத்தில் துறைத் தலைவர்). அவனுடைய கீழுதடு மெல்லப் பிதுங்கத் தொடங்கியது.

"அம்மா மாதிரி கோழி கூப்புட்டுப் பாருங்கப்பா," என்றாள் மீனா.

பக்கத்து வீட்டுப் பழனியம்மாள் எஸ்டேட்டில் வேலை செய்பவர். அவர் வளர்க்கும் கோழிகளுக்குச் சரோஜா தினமும் காலையில் நொய்யரிசி போடுவது வழக்கம். அதற்கென ஓர் அழைப்பொலி உண்டு. நான் படமெடுக்கும்போதெல்லாம் என் இடத்தோளுக்குப் பின்னால் நின்று அதே ஒலியைக் குழந்தைக்கும் எழுப்புவாள். ஒவ்வொரு முறையும் நான் அமைதி கோருவேன். அந்த இரைச்சலையும் மீறி வெற்றி பெற்றவன் என்றே என்னைக் கருதியிருந்தேன்.

அதெல்லாம் தேவையில்லை என்றேன்.

"தேவையில்லீங்களா? செவுத்துல இருக்கறதுல ஒரு கொழந்தையாச்சும் உங்க கேமராவப் பாக்குதுங்களாப்பா? அத்தனையும் அம்மாவத்தான் பாக்குது."

அந்த விலகிய பார்வையை என் தனித்த கலைநுட்பம் என்று சக பேராசிரியர்களுக்கு விளக்கியிருக்கிறேன். மறுக்கச் சான்று தேடினேன், கிடைக்கவில்லை. இனியன் விம்மத் தொடங்கிவிட்டான். வேறு வழியின்றிக் கூப்பிட்டேன்: "பக்... பக்பக்பக்."

இனியன் அசையவில்லை. வேலிக்கு அப்பால் காபிச் செடிகள் அசைந்தன.

கோழிகள் அவ்வளவு விரைவாக ஓடும் என்பதை நான் அறிந்திருக்கவில்லை. வேலிக்கு அடியிலும் மேலும் இடையிலுமாக வந்தன. புடவையை வலம் வந்தன. ஒரு பெட்டை, சடையிலிருந்த மல்லிகைச் சரத்தை மட்டும் துல்லியமாக உருவிக்கொண்டது. சேவலோ, உயரமான இடம் வேறெதுவும் தென்படாததால், என் முதுகில் ஏறி, இடத்தோளில் நின்று, குல்லாவின் குஞ்சத்தைக் கொத்தத் தொடங்கியது. நான் எழுந்தால் அது குழந்தையின் மேல் பாயலாம். எழாவிட்டால் குஞ்சத்துக்குப் பிறகு என் காது.

அப்போது இனியன் சிரித்தான். உடம்பு முழுதும் குலுங்க, இருந்த பற்கள் எல்லாம் தெரிய. என்னைப் பார்த்து அல்ல. என் இடத்தோளுக்கு மேலே பார்த்து. என் விரல் பொத்தானை அழுத்தியது.

வேலியருகே பழனியம்மாள் வந்து நின்றார். "ஏனுங்க ஐயா, கூப்புட்டுப்போட்டு இப்படிப் படுத்துக்கிட்டீங்களே, நொய்யி எங்கீங்க?" என்றவர் புடவையைப் பார்த்தார். குரல் தணிந்தது. "அம்மா கூப்புடற மாதிரியே இருந்துச்சுங்க. நானே ஊட்டுக்குள்ளார இருந்து ஓடியாந்தனுங்க. இதுங்களச் சொல்லி என்னங்க பண்றது."

என் மேலிருந்தபடியே சேவல் ஒருமுறை கூவிற்று. மீனா சிரிக்கிறாளா அழுகிறாளா என்பதை, கிடந்த கிடையில், என்னால் தீர்மானிக்க இயலவில்லை. சேவலை யாரேனும் இறக்கிவிட்டால் நன்றாயிருக்கும் என்று மட்டும் தெரிவித்தேன்.

இப்போது அந்தப் படம் அந்த ஆணியில் தொங்குகிறது. ஓரத்தில் ஒரு கோழியின் அலகும் அதில் மல்லிகையும் தெரிகின்றன. மற்றபடி, பார்வை உட்பட, வரிசையில் உள்ள ஏனைய படங்களுக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. குடும்ப விழாக்களில் நான் கேமராவைக் கையில் எடுத்தாலே எவராவது கேட்கிறார்கள்: "லைட்டெல்லாம் சரிங்க, சேவலுக்குச் சொல்லியாச்சுங்களா?" கோழிகள் தினமும் காலையில் வருகின்றன. நொய் போடுகிறேன். கூப்பிட்டுத்தான் போடுகிறேன்.

செய்யாமல் எஞ்சியிருப்பவை:

குல்லாவுக்குக் குஞ்சம் தைப்பது.

அடுத்த ஆணி அடிப்பது (மகன் வீட்டில் நல்ல செய்தி உண்டு).

சுவரிலுள்ள படங்களை ஒவ்வொன்றாக இறக்கி, பின்புறத்தில் என் பெயருக்கு மேலே சரோஜா என்று எழுதுவது. கடைசிப் படத்திலும்.