லேடி டாக்டர் ஓட்டினது

மனித நாகரிகம் சக்கரத்தில் தொடங்கியது. கெய்ரோவில், எல்லோரும் 'உஸ்தா', அதாவது மேஸ்திரி, என்று அழைக்கும் ஸனாத்தியின் பழைய டயர் கடையில் அது நிறைவெய்தியது. அங்கே 'வாடிக்கையாளர்' என்ற சொல்லே கிடையாது. வருகிறவர் எல்லாம் விருந்தாளி.

இன்ஷிராஹ் காரை விட்டு இறங்குவதற்குள் நாற்காலி வந்தது. அதைத் துடைக்கத் துணி வந்தது. துடைத்ததில் நாற்காலி அழுக்காகிவிட்டதால் வேறு நாற்காலி வந்தது. பிறகு புதினா டீ.

"நாலு டயர் வேணும், உஸ்தா. போன வியாழக்கிழமை ஃபையூம் ரோட்டுல மழை. பிரேக் போட்டேன், வண்டி நிக்கல. முன்னாடி லாரி. ஒரு முழத்துல தப்பிச்சேன்."

ஸனாத்தி குனிந்து பார்த்தார். நான்கும் வழுக்கை. துக்கத்தில் தொப்பியைக் கழற்றினார்; அங்கும் அதே நிலைமை.

"இதுங்களை நானே கௌரவமா அடக்கம் பண்ணிடறேன், மேடம். உங்களுக்குன்னே நாலு எடுத்து வச்சிருக்கேன். லேடி டாக்டர் ஓட்டினது. வீடு, கிளினிக். கிளினிக், வீடு. ஹாரன்கூட அடிக்க மாட்டாங்க அந்தம்மா."

கெய்ரோவில் விற்பனைக்கு வரும் பழைய வண்டி எதுவானாலும் லேடி டாக்டர் ஓட்டியதுதான். சிமெண்டு லாரி உட்பட.

"எந்த டாக்டர்? நானும் டாக்டர்தான்."

ஸனாத்தி அசரவில்லை. "பாத்தீங்களா! டயரே உங்களைத் தேடி வந்திருக்கு."

டயர்கள் கரேலென்று மின்னின. பள்ளத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். ஆழம் இருந்தது. விரல் கறுப்பானது. அதைத் துடைக்க உடனே எலுமிச்சை மணக்கும் காகிதம் வந்தது. இப்பேர்ப்பட்ட உபசாரத்துக்கு முன் சந்தேகப்படுவது மரியாதையில்லை.

"மாட்டுங்க."

மூன்று சக்கரங்கள் ஏறின. மூன்றாவது டீயும் வந்தது. கடையின் பின்பக்கம் அவளுடைய டயர்களுக்கு 'அடக்கம்' நடந்துகொண்டிருந்தது. சூடான கத்தி புதுப் பள்ளம் கீறியது. பிரஷ் கறுப்புப் பூசியது. அரை மணி நேரத்தில் நான்கும் உயிர்த்தெழுந்து கடை வாசலில் நின்றன.

அப்போது பள்ளி ஆசிரியர் மஃமூன் வந்து இறங்கினார். அவருடைய காரின் பின் சீட்டில் மூன்று பெண் குழந்தைகள்.

"இது எப்படி, உஸ்தா?"

"லேடி டாக்டர் ஓட்டினது."

"அட போய்யா! போன கடையிலயும் இதையேதான் சொன்னான்."

ஸனாத்தியின் முகம் வாடியது. சொன்னது உண்மை, நம்பத்தான் ஆளில்லை.

"இதோ உக்காந்திருக்காங்களே, அவங்களையே கேளுங்க. டாக்டரம்மா, இது உங்க டயர்தானே?"

இன்ஷிராஹ் தன் காரைப் பார்த்தாள். அது ஜாக்கியின் மேல் நின்றது. நான்காவது சக்கரம் ஸனாத்தியின் கையில் இருந்தது. நட்டுகள் அவர் சட்டைப்பையில்.

"சொல்லுங்க டாக்டரம்மா."

"ஆமாம். என்னோடதுதான்."

"வீட்டுக்கும் கிளினிக்குக்கும்தானே ஓட்டினீங்க?"

"ஆமாம்."

இதிலும் பொய்யில்லை. கிளினிக் ஃபையூமில் இருந்தது. நூறு கிலோமீட்டர்.

மஃமூன் நெஞ்சில் கை வைத்து நன்றி சொன்னார். "ஒரு டாக்டரே சொன்ன பிறகு என்ன?" குழந்தைகள் அவளுக்குக் கையசைத்தன.

ஸனாத்தி நான்காவது சக்கரத்தை மாட்டினார். தெருமுனை வரை கூடவே நடந்து வந்து வழியனுப்பினார்.

முதல் சிக்னலில் இன்ஷிராஹ் பிரேக்கை மிதித்தாள். வண்டி யோசித்து, மனமில்லாமல் நின்றது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஸனாத்தி அவளிடமும் பொய் சொல்லவில்லை. அந்த லேடி டாக்டர் நிஜம். அதே நாற்காலியில் உட்கார்ந்து, அதே டீயைக் குடித்துவிட்டு, அவளும் 'ஆமாம்' என்றிருக்கிறாள்.